நடுவில் ஆறு கிலோ

காப்பீட்டுப் பத்திரத்தில் உடற்பருமன் ஆறாவது விலக்கு. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே வாசகமாக அதை வகுத்துக் கொடுத்தது. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடையாது. கிடைக்க வேண்டுமானால் டாக்டர் பரிந்துரைத்திருக்க வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும், பிஎம்ஐ 40 இருக்க வேண்டும். 40 இல்லாவிட்டால் 35. ஆனால் 35க்காரர்களுக்குக் கூடவே இதயநோயோ, கடுமையான தூக்க மூச்சுத்தடையோ, கட்டுக்கடங்காத சர்க்கரையோ வேண்டும். எடையைக் குறைக்கும் மற்ற வழிகள் தோற்றுப்போனதற்கு அத்தாட்சியும் வேண்டும்.

நான் 35க்காரி. உயரம் 156 சென்டிமீட்டர், எடை 88 கிலோ, பிஎம்ஐ 36 சொச்சம். சர்க்கரை இருக்கிறது. தூக்கத்தில் மூச்சு நிற்கிறது. பத்திரத்தின் கணக்குப்படி 85 கிலோவுக்குக் கீழே இறங்கினால் என் தகுதி போய்விடும். இந்தியாவில் இந்த அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர்கள் பின்பற்றும் வழிகாட்டுதலோ வேறு. நம் உடல்வாகுக்கு, சர்க்கரை போன்ற நோய் கூட இருந்தால், 32.5 போதும் என்கிறது அது. அதன்படி 79 கிலோ வரைக்கும் எனக்கு அறுவை சிகிச்சை உண்டு.

85க்கும் 79க்கும் நடுவில் ஆறு கிலோ. அதற்குள் போய் நின்றால் டாக்டர் வா என்பார், காகிதம் போ என்னும்.

டயட்டீஷியன் குறைக்கச் சொல்கிறார். சொன்னபடி கேட்டு நாலு கிலோ குறைத்தேனென்றால் அந்த இடைவெளியில் விழுந்துவிடுவேன். ஆஸ்பத்திரியில் இன்ஷூரன்ஸ் மேஜையில் உட்கார்ந்திருக்கும் பையன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: “மேடம், அப்ரூவல் வர்ற வரைக்கும் வெயிட்ட அப்படியே மெயின்டெயின் பண்ணுங்க.” அவன் கெட்டவன் இல்லை. தன் வேலையைச் சரியாகச் செய்கிறவன் அப்படித்தான் சொல்வான்.

*

அம்மாவுக்கு இது எதுவும் விளங்கவில்லை. “வயித்த அறுத்துக்கறதுக்கு பர்மிசன் வேற கேக்கணுமா?” என்கிறாள். காசிமேட்டில் கூடை வைத்து மீன் விற்றவள். அவள் காலத்தில் கட்டணம் கேட்கிற இடம் தெரியும், அனுமதி கேட்கிற இடம் தெரியாது. உடம்புக்கு வந்தால் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. வரிசையில் நின்றால் எப்படியும் பார்த்து அனுப்பிவிடுவார்கள்.

நான் ஒரு கன்டெய்னர் கிடங்கில் டாகுமென்டேஷன் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தவரை இஎஸ்ஐ இருந்தது. அதைத் தாண்டியதும் இஎஸ்ஐ அட்டை போய் கம்பெனியின் குழுக் காப்பீடு வந்தது. சம்பளம் ஏறினால் சந்தோஷப்பட வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். சந்தோஷப்பட்டேன்தான்.

*

தோற்றுப்போனதற்கு அத்தாட்சி.

ஜெயித்ததற்குச் சான்றிதழ் தருவார்கள், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். தோற்றதற்கு யார் ரசீது எடுத்து வைத்திருப்பார்கள்? பீரோவின் அடித்தட்டில் தேடினேன். தண்டையார்பேட்டை ஜிம் ஒன்றின் அட்டை, நாலில் மூன்று மாதம் காலி. பேலியோ காலத்தில் பாதாம் வாங்கிய பில். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை நம்பி ஒரு கோடைகாலம் முழுக்கக் கொள்ளு ரசம் குடித்ததற்கு ரசீது கிடையாது. பழைய டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த தாளில் எண்ணெய்க்கறை. எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி ஒரு ஃபைல் போட்டேன்.

அடுக்கும்போது ஒன்று தெரிந்தது. ஒவ்வொரு முறையும் எடை குறைந்திருக்கிறது. ஏழு கிலோ, நாலு கிலோ, ஒருமுறை பதினொன்று. குறைந்தது திரும்ப ஏறியதுதான் சங்கதி. எடை குறையக் குறைய உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது, பசியைக் கூட்டுகிறது, பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. மருத்துவம் இதைப் பல வருடமாகச் சொல்லிவருகிறது. ஃபைலில் அதற்குப் பெயர் தோல்வி. என் உடம்பைக் கேட்டால், தான் ஒவ்வொரு முறையும் ஜெயித்ததாகச் சொல்லும்.

*

இந்தக் காத்திருப்பை ஒரே காத்திருப்பாக நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் இரண்டு நடக்கின்றன.

ஒன்று உடம்புக்கானது. எண்டோஸ்கோப்பி செய்து இரைப்பைக்குள் புண் இருக்கிறதா, கிருமி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எக்கோ எடுக்கிறார்கள். தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி, வைட்டமின் அளவுகள். மனநல மருத்துவரிடம் ஒரு மணி நேரம். அவர் நான் எதிர்பார்த்த எதையும் கேட்கவில்லை. ராத்திரி தனியாகச் சாப்பிடுவீர்களா என்று மட்டும் இரண்டு விதமாகக் கேட்டார். தூக்கப் பரிசோதனைக்குத் தலையிலும் மார்பிலும் ஒயர் ஒட்டி, விரலில் கிளிப் மாட்டிப் படுக்கச் சொன்னார்கள். மூச்சு தடைபடுவது மணிக்கு 30 முறைக்குமேல் போனால் கடுமையானது என்று கணக்கு. நான் அதைத் தாண்டிவிட்டேன். வாழ்க்கையில் ஒரு பரீட்சையில் தாண்டியதற்கு முதல் தடவையாக இரண்டு மனதோடு நின்றேன்: நோய் கடுமை, ஆகவே தகுதி உண்டு.

இந்தக் காத்திருப்பின்மேல் எனக்குக் கோபம் இல்லை. 2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயதுப் பையன் ஒருவன், பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் இதே வகை அறுவை சிகிச்சைக்குப் போய் இறந்துபோனான். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது, மருத்துவமனையின் உரிமத்தை நிறுத்திவைத்தது. செய்தி வந்தபோது அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள், எனக்குக் கேட்கக் கூடாதென்று. மயக்க மருந்து கொடுக்கிறவர் என் கழுத்தைப் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துக் குறித்துக்கொள்ள எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று காகிதத்துக்கானது. அதில் யாரும் என்னைத் தொட்டுப் பார்ப்பதில்லை. 2024 மே மாதம் காப்பீட்டு ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு ஆஸ்பத்திரி கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம்! எனக்கும் பதில் சீக்கிரம்தான் வந்தது. ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. ஒரு கேள்வி. கேள்விக்கு ஆஸ்பத்திரி பதில் எழுதியது. இன்னொரு கேள்வி. இந்த வகையில் ஒரு மணி நேரத்தை எத்தனை மாதமானாலும் இழுக்கலாம் என்பதை நான் என் வேலையிலேயே பார்த்திருக்க வேண்டும். கஸ்டம்ஸும் அப்படித்தான். சரக்கை நிறுத்த யாரும் ‘நிறுத்து’ என்று எழுதுவதில்லை.

*

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பது இந்தப் பக்கத்தில் செய்தியே இல்லை. சில நாள் ஜீரோ கேட்டிலிருந்து திருவொற்றியூர் தாண்டி நிற்கும். துறைமுகத்துக்குள் இடம் இல்லை, ஸ்கேனர் ரிப்பேர், சர்வர் படுத்துவிட்டது, ஏதோ ஒன்று. டிரைவர்கள் வண்டிக்கடியில் பாய் விரித்துப் படுப்பார்கள். துறைமுகத்துக்குள் போவதற்கான ஃபார்ம் 13 கேட்டு எங்கள் கவுன்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. வயிறு முன்னால் வர, ஆள் பின்னால் வருவார்.

அவர்கள் சாப்பிடுவதைக் கவனித்திருக்கிறேன். வண்டி நகர ஆரம்பித்தால் அப்புறம் எங்கே நிறுத்துவது, கடை எங்கே இருக்கும் என்று தெரியாது. அதனால் நிற்கும்போதே சாப்பிட்டு வைத்துவிடுவார்கள். பதினொரு மணிக்குப் பிரியாணி, நாலு மணிக்குப் பரோட்டா. பசி என்பதால் அல்ல. இனிமேல் கிடைக்காமல் போய்விடுமோ என்று.

அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்ட வாரத்திலிருந்து நானும் அதையே செய்துகொண்டிருந்தேன். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவார்கள், வாழைப்பழ அளவுக்கு ஒரு குழாய்தான் மிஞ்சும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். அன்று சாயங்காலம் நேராக பீச் ஸ்டேஷன் பக்கம் போய் அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் இந்தக் கரையில் இறக்கிவைத்த நூடுல்ஸ். புளித்தண்ணீர், வறுத்த பூண்டு, தட்டை நொறுக்கிப் போட்டு, கூடவே வாழைத்தண்டு சூப். கடைசித் தடவை என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரமும் கடைசித் தடவை. சனிக்கிழமை வஞ்சிரம் வறுவல், அதுவும் கடைசித் தடவை. உலகம் முழுக்க இந்த அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கிறவர்கள் இப்படி உணவுக்கு ஒவ்வொன்றாகக் கருமாதி செய்கிறார்கள் என்று டயட்டீஷியன் சிரித்துக்கொண்டே சொன்னார். அனுமதி தள்ளிப்போகப் போக கருமாதியும் தள்ளிப்போகிறது. பத்துப் பதினைந்து தடவை செத்த வஞ்சிரத்துக்கு யார் அழுவது?

*

பிஎம்ஐ என்ற இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிற சூத்திரம் 1830களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் குவெட்லே போட்டது. அவர் டாக்டர் இல்லை. வானியலும் புள்ளியியலும் பார்த்தவர். சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர். 1972இல் அமெரிக்காவின் ஆன்சல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார். 40, 35 என்ற எல்லைக்கோடுகள் 1991இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மாநாட்டில் வகுக்கப்பட்டவை. 2022இல் இந்த அறுவை சிகிச்சை நிபுணர்களின் உலக சங்கமும் அமெரிக்க சங்கமும் சேர்ந்து அதை மாற்றின. 35 இருந்தால் வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்காமலே பரிந்துரைக்கலாம், ஆசியர்களுக்கு 27.5லிருந்தே யோசிக்கலாம் என்றன. பத்திரத்தில் இன்னும் 1991தான் நடக்கிறது.

ஆசியர்களுக்கு ஏன் தனிக் கணக்கு? புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே போட்டு ஒரு பக்கம் எழுதினார்கள். இரண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒரே எண், இரண்டு உடம்பு. நம்மவர்கள் ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்பு, குறிப்பாக வயிற்றில். எண் ஏறுவதற்கு முன்னாலேயே சர்க்கரை வந்துவிடுகிறது.

இந்த ஒரு பக்கத்தை அச்செடுத்து ஃபைலில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். இன்ஷூரன்ஸ் மேஜைப் பையன் வேண்டாம் என்றான். படிக்க ஒரு தாள் கூடினால் கேட்க ஒரு கேள்வி கூடும்.

*

கஞ்சித்தொட்டி.

அம்மாவுக்கு ஸ்டான்லி மருத்துவமனை என்றால் உடனே புரியாது. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றால்தான் புரியும். ஹைதர் அலியோடு நடந்த போரில் ஊர்கள் எரிந்து, பஞ்சம் பிழைக்க ஜனங்கள் மதராசுக்குள் குவிந்தபோது, 1782இல் கஞ்சி ஊற்றுவதற்காக எழுந்தது மணியக்காரர் சத்திரம். பட்டினியோடு நோயும் வந்ததால் அதை ஒட்டி 1799இல் மருத்துவமனை வந்தது. பிறகு கவர்னர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்று, 1938இல் மருத்துவக் கல்லூரியானது. கவர்னர் பெயர் வந்து எண்பது வருடத்துக்கு மேல் ஆகியும் கஞ்சியின் பெயரை ராயபுரம் விடவில்லை. சத்திரம் இன்னும் பழைய ஜெயில் ரோட்டில் முதியோர் இல்லமாக இருக்கிறது.

பிறகு 1876 தொடங்கி 1878 வரை தாது வருஷப் பஞ்சம். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் அளந்தார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். மண் வெட்டுகிற ஆளுக்கு இது காணாது என்று மதராஸ் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். அந்தக் கூலிக்கு வெட்டியவைதான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற கால்வாய்த் துண்டு உட்படப் பல. வடக்கே எண்ணூர் வரைக்கும் ஏற்கெனவே வெட்டியிருந்த கால்வாயோடு சேர்ந்து அதுதான் பக்கிங்காம் கால்வாய். என் வீட்டு மாடியில் நின்றால் கால்வாய் தெரியாது, வாடை தெரியும்.

இதையெல்லாம் நான் ஏன் படிக்கிறேன்? ஒரு மனிதனுக்கு எவ்வளவு சாப்பாடு போதும் என்று அவனைத் தொட்டுப் பார்க்காமல் மேஜையில் உட்கார்ந்து அளந்தவர்கள் புதிதாக வந்தவர்கள் இல்லை என்று தெரிந்தால் ஏனோ கோபம் கொஞ்சம் தணிகிறது. டெம்பிள் குறைத்து அளந்தார், என் காகிதம் கூட்டி அளக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

தாய் வயிற்றில் பட்டினியை அறிந்த பிள்ளை, கிடைத்ததைச் சேர்த்துவைக்கிற உடம்போடு பிறக்கிறது, பின்னால் சாப்பாடு தாராளமானதும் அந்தச் சேமிப்பே சர்க்கரையாகிறது என்று 1992இல் ஹேல்ஸும் பார்க்கரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். என்னை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தபோது புயல் பருவம், விசைப்படகு கடலுக்குப் போகவில்லை, கருவாட்டுக் குழம்பும் கூழும்தான் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நான் பிறக்கும்போது இரண்டு கிலோவுக்கும் கொஞ்சம்தான் அதிகம். “கோழிக்குஞ்சு கணக்கா இருந்த.” இதை வைத்து நான் எதையும் நிரூபிக்கப் போவதில்லை. ஆனால் என் உடம்பைப் பேராசைக்காரி என்று திட்டுவதை நிறுத்தியது இதைப் படித்த பிறகுதான்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஈரல் சுருங்குவதற்காகப் பதினைந்து நாள் போல திரவ உணவு. முடிந்த பிறகும் முதல் வாரங்களில் வடிகட்டிய பருப்புத் தண்ணீர், கஞ்சித் தண்ணீர், ஒவ்வொரு வாயாக. சொன்னதும் அம்மாவுக்கு முதல்முறையாக இந்த வைத்தியத்தின்மேல் ஒரு மரியாதை வந்தது.

*

“தினமும் நடங்க.” எல்லா டாக்டரும் சொல்கிறார்கள். எங்கே நடப்பது என்பதை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

மெரினாக்காரர்களுக்கு மணல் இருக்கிறது. அந்த மணல் எங்களுடையது என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். இந்தக் கரையில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகிறது. 1870களில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டு அதை மறித்தது. தெற்கே மெரினா பெருத்தது, வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கரை மெலிந்துகொண்டே போனது. தெருத்தெருவாகக் கடலுக்குக் கொடுத்தோம். இப்போது பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். கல்மேல் நடக்க முடியாது. கல்லுக்கு இந்தப் பக்கம் லாரி. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரம் கறுத்தது. அதே மாதக் கடைசியில் ஒரு நள்ளிரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் ஓடினார்கள். அது ஒன்றுதான் இந்தப் பக்கத்தில் ஊரே சேர்ந்து வேகமாக நடந்த ராத்திரி.

நான் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் வெளிப்பிராகாரத்தில் நடக்கிறேன். கல்தரை, காலையில் குளிர்ச்சி. முழங்கால் வலித்தால் உட்காரலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கோயிலில் உட்கார்ந்திருக்கும் குண்டுப் பெண்மணியை யாரும் சோம்பேறி என்பதில்லை, பக்தை என்பார்கள்.

ஷேர் ஆட்டோவில் அந்த மரியாதை கிடையாது. “அக்கா, ரெண்டு சீட்டு காசு குடுத்துரு” என்று நேராகவே கேட்பான். மெட்ரோ வந்த பிறகு அந்தப் பேச்சு இல்லை. விம்கோ நகர் வரைக்கும் 2021இல் நீட்டினார்கள். அந்தப் பிளாஸ்டிக் இருக்கையின் விளிம்பில் என் தொடை பக்கத்து ஆளைத் தொடுகிறது, அவர் போனைப் பார்க்கிறார், அவ்வளவுதான். யார் என்னை அவமானப்படுத்தினார்கள் என்று பட்டியல் போட உட்கார்ந்தால், போட்டதில் பாதி நானேதான்.

*

வள்ளலார் சின்ன வயதில் ஏழுகிணறு வீராசாமித் தெருவில் அண்ணன் வீட்டில் இருந்தார். திருவொற்றியூருக்கு நடந்தே வந்து போவார். ஒருநாள் திரும்ப நேரமாகிவிட்டது, கதவு சாத்திவிட்டார்கள், பசியோடு திண்ணையில் படுத்துவிட்டார். அண்ணி இலையில் சோறு கொண்டுவந்து எழுப்பி ஊட்டினாள். பிறகு நிஜ அண்ணி வந்து சாப்பிடக் கூப்பிட்டபோதுதான் முதலில் வந்தது வடிவுடையம்மன் என்று தெரிந்ததாகக் கதை. 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கி, அணையாத அடுப்பு மூட்டியவரின் பசி எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால் எங்கள் பக்கத்துத் திண்ணை ஒன்றைக் காட்டுவேன்.

ராத்திரி பத்தரைக்கு மேல் எனக்கு வருவது அந்தப் பசியா? மனநல மருத்துவர் கேட்டது இதைத்தான் என்று இப்போது புரிகிறது. சோதித்துப் பார்க்க அவர் சொன்ன வழி மிகச் சாதாரணம். பசி வந்ததும் சமையலறைக்குப் போகாமல் உட்கார வேண்டும். விரட்டக் கூடாது, பேச்சு கொடுக்கக் கூடாது, எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டும்.

உட்கார்ந்தேன். முதலில் அது வயிற்றில் இல்லை. தாடையில் இருக்கிறது. பிறகு கையில். கை எதையாவது எடுக்க வேண்டும் என்கிறது. வயிறு சும்மா இருக்கிறது, சிலசமயம் கனமாகக்கூட இருக்கிறது. சில நாள் மட்டும் உண்மையாகவே வயிற்றின் மேற்பகுதியில், இடது விலாவுக்குக் கீழே, ஒரு சுரண்டல். அறுவை சிகிச்சையில் எடுத்துவிடப்போகிற இடமும் அதுதான். பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற சுரப்பு அதிகமும் அங்கிருந்துதான் வருகிறது. அறுத்த பிறகு முதல் மாதங்களில் பசியே தெரியாது, மணி பார்த்துச் சாப்பிட வேண்டியிருக்கும் என்கிறார்கள். நாற்பது வருடம் கூட இருந்த ஒன்று. சில ராத்திரி அதை விரோதியாகப் பார்க்க முடியவில்லை.

தாடைப் பசிக்குச் சோறு வேண்டியதில்லை என்று தெரிந்துவிட்டது. அதற்கு என்ன வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை. சில நாள் மாடிக்குப் போய் நிற்கிறேன். சில நாள் அம்மா பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறேன். சில நாள் மிக்சர் சாப்பிடுகிறேன்.

*

ஊசி போட்டுக்கலாமே என்கிறார்கள் ஆபீஸில். 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ இந்தியாவுக்கு வந்தது, ஜூனில் வெகோவி. மாதத்துக்குப் பதினாலாயிரம், பதினேழாயிரம் என்று விலை போட்டு வந்தன. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. என் சம்பளத்தில் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

*

கோயிலிலிருந்து கடல் பக்கம் போனால் பட்டினத்தார் சமாதி. பேய்க்கரும்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தாராம். அதன் நுனி எங்கே இனிக்கிறதோ அங்கே முக்தி என்று சொல்லப்பட்டிருந்தது. கசந்துகொண்டே வந்த கரும்பு திருவொற்றியூரில் இனித்தது. இங்கேயே தங்கி, கடற்கரைப் பிள்ளைகளோடு விளையாடி, கூடை போட்டு மூடச் சொல்லி, மூடியதைத் திறந்தபோது லிங்கமாக இருந்தார் என்பார்கள்.

உடம்பை இழித்துப் பாடியவர் அவர். அந்த விஷயத்தில் எனக்கும் அவருக்கும் ஒத்துவராது. இழித்துப் பேச என் உடம்புக்கு வேறு ஆட்கள் போதுமான அளவு இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கரும்பை யோசிக்கிறேன். ஒவ்வொரு ஊரிலும் அவர் அதைக் கடித்துப் பார்த்திருக்க வேண்டும். கசக்கும் என்று தெரிந்தும். ஒருவேளை இனித்தால் என்ற நினைப்பில் கடித்தாரா, அல்லது கடிப்பதே அன்றாட வேலையாகிவிட்டதா? காலையில் போனைத் திறந்து மெசேஜ் வந்திருக்கிறதா என்று பார்க்கும்போது எனக்கும் முன்பெல்லாம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இப்போது பல் தேய்ப்பதோடு அதுவும் ஒன்று.

*

இந்த வாரம் எடை 86. நானாகக் குறைக்கவில்லை, கூட்டவும் முயலவில்லை. முதலில் முட்டையோ மீனோ, பிறகு காய், கடைசியில் சோறு. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல், மெதுவாக மென்று. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாழ்நாள் முழுக்கச் செய்ய வேண்டியதை இப்போதே பழகச் சொன்னார்கள், பழகினேன். ராத்திரி மூச்சு கொஞ்சம் லேசாக இருக்கிறது, முழங்காலும் அப்படித்தான். டயட்டீஷியன் கைதட்டினார். இன்ஷூரன்ஸ் மேஜைப் பையன் முகம் வாடிவிட்டது. இன்னும் ஒரு கிலோ இறங்கினால் வாசற்படி. புதிதாக வந்திருக்கும் கேள்வியும் அதுதான்: தற்போதைய எடையை மறுபடி அளந்து அனுப்பவும்.

எடை பார்க்கும் முன்னால் இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லி யாரோ யோசனை சொன்னார்கள். சேலை மடிப்பில் சில்லறை முடிந்துகொள்ளலாம் என்றாள் அம்மா. மீன் தராசு பார்த்த கை. நான் வெறுமனே ஏறி நின்றேன். எண்ணைக் குறித்துக்கொண்டார்கள்.

டாக்டரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்கினேன். முதல் நாள் எடை, தூக்கப் பரிசோதனையின் எண், சர்க்கரையின் சராசரி, சிகிச்சைக்குத் தயாராகும்போது எடை குறைவது எதிர்பார்க்கப்படுவதுதான் என்று ஒரு வரி. அது போயிருக்கிறது. மறுத்தால் முதலில் காப்பீட்டுக் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், ஒரு வருடத்துக்குள். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. வக்கீல் தேவையில்லை, கட்டணம் இல்லை. மனுவின் வரைவைத் தமிழிலேயே எழுதித் தோல்வி ஃபைலின் மேல்தாளாக வைத்திருக்கிறேன். முப்பது நாள் என்றதும் அம்மா “இன்னும் ஒரு மாசமா?” என்றாள். ஆமாம். ஆனால் இதற்காவது ஒரு கடைசித் தேதி இருக்கிறது.